எல்லாரும் ஒரே நாளில் வந்தார்கள்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் தட்டினால் ஒரு எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் சொல்ல வந்தது ஓடிப்போய்விடுகிறது. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். பிழை இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

உங்கள் இரண்டாவது கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று உங்களுக்கு மனத்தாங்கல் இருக்கும். இரண்டு விரிப்பு அனுப்பினேன், வந்து சேர்ந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதில் எனக்கும் மனத்தாங்கல். அதுக்கு இது சரியாகப் போயிற்று. விடுங்கள்.

இப்போது எழுதுவது வேறு. என் பெண்ணுடைய செருப்புப் பக்கத்தைப் பற்றி.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரோட்டில் தனியாகக் கிடக்கிற செருப்பையெல்லாம் படம் எடுத்து அவள் அந்த இணையப் பக்கத்தில் போட்டபோது நான் திட்டாத திட்டு இல்லை. “ஒத்தச் செருப்பைப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டுற பொண்ணை எவன்டி கட்டுவான்” என்று கேட்டேன். நீங்கள்தான் வந்தீர்கள். வந்தவர்கள் எழுதிவைக்க அவள் கடைசியில் ஒரு இடம் விட்டிருந்தாளே, அதில் “இன்னொண்ணு என்கிட்ட இருக்கு” என்று எழுதிக்கொண்டு வந்தீர்கள். அவள் அதைக் காட்டிச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அவள் போன பிறகு அந்த வந்தவர்கள் பக்கத்தில் நானும் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மா என்று பெயர் போட்டு இரண்டு வரி, மூன்று வரி. நீங்கள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அது உங்கள் நல்ல குணம்.

போன வாரம் திறந்து பார்த்தால் எல்லாருக்கும் ஒரே தேதி. பிப்ரவரி 19. அவள் இருந்தபோது வந்தவர்கள், நான், நீங்கள், எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினமாதிரி முன்னுக்குப் பின் கலந்து நிற்கிறோம். அதுகூடப் பரவாயில்லை. நான் முன்னே ஒரு நாள் எழுதியிருந்தேன்: “உன் செருப்பு ஒண்ணு அலமாரிக்கு அடியில கெடச்சுது. இன்னொண்ணை ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டோம் போல. என்ன பண்ணட்டும்?”

அதற்குக் கீழே இப்போது அவள் பெயரில் இருக்கிறது: “அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பத்திரமா வெச்சிருங்க. ஒரு நாள் வந்து பாக்கறேன். தனியா இருக்கோம்னு சாப்பிடாம கெடக்காதீங்க.”

எனக்குப் புத்தி கலங்கவில்லை மாப்பிள்ளை. செத்தவர்கள் எழுத மாட்டார்கள். அதுவும் போக, அவள் என்னை வாடி போடி என்று சொல்லாத குறையாக நீ, வா, போ என்றுதான் பேசுவாள். நீங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போன இடத்தில் மரியாதை கற்றுக்கொண்டாளோ என்று நினைத்து நானே சிரித்தேன். பிறகு மறுபடி படித்தேன். பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

எப்படி வந்தது என்று கேட்க இதை எழுதவில்லை. எடுத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு
அத்தை

மார்ச் 6

அன்புள்ள அத்தைக்கு,

விரிப்புகள் வந்தன. இப்போதும் அவைதான் எங்கள் கட்டிலில் இருக்கின்றன. எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்துத்தான் எழுதாமலே விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். இணையத்தில் அவள் பக்கம் இருந்த பழைய இடத்தை மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றினேன். படங்கள் ஒழுங்காக வந்துவிட்டன. வந்தவர்கள் பக்கத்தில்தான் தப்பு நடந்தது. பழைய இடத்தில் தேதியை நாள், மாதம், வருஷம் என்று எழுதியிருந்தது. புதிய இடம் வருஷத்தை முதலில் கேட்கிறது. தனக்குப் புரியாத தேதியை எல்லாம் அது “இன்றைக்கு” என்று எடுத்துக்கொண்டது. நான் மாற்றிய நாள் பிப்ரவரி 19. நான் சரிபார்த்திருக்க வேண்டும்.

அவள் யாருக்கும் அவரவர் எழுதியதற்குள்ளே பதில் போடுவதில்லை. அடுத்ததாகத் தனியே எழுதுவாள். தேதிதான் அவள் பதிலை உரியவருக்குக் கீழே உட்கார வைத்திருந்தது. தேதி போனதும் பதில்கள் கைக்கு வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன. நீங்கள் படித்தது அவள் வேறு ஒருவருக்கு எழுதியது. உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

பழைய பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எல்லாத் தேதியையும் சரிசெய்துவிடலாம். ஆனால் நீங்கள் சொல்லாமல் தொட மாட்டேன். அந்தப் பக்கத்தை இப்போது பார்ப்பது நீங்களும் நானும்தான். யாருக்கு நஷ்டம்?

வேலைக்கு இடையில் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
மாப்பிள்ளை

மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை விடுதிச் சலவைக்கூடத்தில் நீராவிச் சத்தத்துக்கு நடுவில் படித்தேன். புரியாததை எல்லாம் இன்றைக்கு என்று எடுத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படித்தான். அவள் போனது எனக்கு இன்றும் புரியவில்லை, அதனால் எனக்கு அது என்றைக்கும் இன்றைக்குத்தான்.

அப்படியே இருக்கட்டும் மாப்பிள்ளை. தொடாதீர்கள்.

நான் இப்போது ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கிறேன். நல்ல வேடிக்கை. “இன்னைக்குக் குழாய்ல தண்ணி வரல, குளிக்காமலே வேலைக்கு வந்துட்டேன்” என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அவள், “ஹா ஹா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்கிறாள். “உன் சட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடவா” என்று கேட்டிருந்தேன். அதற்கு, “வந்ததுக்கு நன்றி, மறுபடியும் வாங்க.” பெற்றவளுக்குச் சொல்கிற பதிலா இது என்று கோபம்கூட வந்தது. கோபம் வந்து எத்தனை காலம் ஆயிற்று. இருந்தவரைக்கும் அவளோடு சண்டை போடாத நாள் உண்டா? போன பிறகு யாரிடம் போட?

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “இன்னொண்ணு என்கிட்ட இருக்கு” என்ற உங்கள் வரி இப்போது செருப்புப் பாலிஷ் விற்க வந்த ஒருவனுக்குக் கீழே நிற்கிறது. பாலிஷ் டப்பா இன்னொன்று உங்களிடம் இருக்கிறதுபோல. பார்த்துச் சிரியுங்கள்.

நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, துவைக்கிற மெஷினில் நிற்கிற அக்கா, “என்ன, செல்லைப் பாத்து இளிக்கிற? இந்த வயசுல மாப்பிள்ளை பாக்கறியா?” என்றாள். “ஆமாக்கா, மாப்பிள்ளைதான் எழுதியிருக்கார்” என்றேன். “உன் மாப்பிள்ளையா? அவருக்குத்தான் வேற வீடு ஆயிடுச்சே. இன்னும் உனக்கு என்ன எழுதறார்?” என்றாள். அவள் வாய்க்குப் பூட்டு இல்லை. கெட்டவளும் இல்லை. மத்தியானம் தன் டப்பாவிலிருந்து எனக்குப் பாதி வைத்தாள்.

வேலை எப்போதும்போலத்தான். விடுதியில் அறைகள் நிரம்பினால் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் விரிப்பு மலைபோல் வந்து விழும். என்னோடு ஜோடியாக மடித்தவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் மாப்பிள்ளை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, உதறி, நடந்து கிட்டே வந்து, ஒருத்தி தன் முனையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு விட்டுவிடுவாள். மிச்சத்தை வாங்கினவள் மடித்துக்கொள்வாள். இப்போது நான் ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு மடிக்கிறேன். கொக்கி நன்றாகத்தான் பிடிக்கிறது. நடந்து கிட்டே வராது, அவ்வளவுதான்.

ஒரு தடவையாவது போனில் பேசுங்களேன். எழுத்தில் நீங்கள் ஆபீஸ்காரர் மாதிரி இருக்கிறீர்கள்.

அத்தை

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

போனில் பேச வேண்டும் என்று நினைத்து எடுப்பேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். எழுத்து எனக்குச் சுலபம்.

உங்களிடம் கேட்காமல் முடிவு செய்ய முடியாத ஒன்று வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நம்மைத் தவிர யாரும் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு. “ஒத்தக்கால் கொக்கு” என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் முன்பு எழுதுவாரே, அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்படியே தருகிறேன்.

“ஐயா, நான் அந்தப் பக்கத்துக்கு அடிக்கடி வந்து படிக்கிறவன். நடுவுல உடம்பு சரியில்லாம வரல. இப்ப வந்து பாத்தா எல்லாத்துக்கும் ஒரே தேதி. அந்தப் பொண்ணு இல்லைங்கிறதே அவங்க அம்மா எழுதினதைப் பாத்து இப்பத்தான் தெரிஞ்சுது. மனசு சரியில்ல.

எனக்கு ஒரு கால்தான். செருப்பு வாங்கினா ஒண்ணு எப்பவும் புதுசாவே கெடக்கும். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் அதையும் துடைச்சு வெப்பா. அவ போனப்புறம், இதைத் தூக்கிப் போட்டுடலாமான்னு அந்தப் பக்கத்துல கேட்டேன். அந்தப் பொண்ணு வேணாம்னு பதில் போட்டுது. அதுலேர்ந்து நானே துடைச்சு வெக்கிறேன். இப்ப அந்தப் பதில் அவங்க அம்மா கேட்டதுக்குக் கீழ இருக்கு. ஒருவேளை அது எப்பவுமே அவங்க அம்மாவுக்கு எழுதினதுதானா? நான்தான் எனக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனா? வயசாயிடுச்சு, என் நெனப்பை நானே நம்ப முடியல. விசாரிச்சுச் சொன்னாப் போதும். அந்த அம்மாவோடதுன்னா அங்கயே இருக்கட்டும்.”

அத்தை, அது அவருக்கு எழுதியதுதான். பழைய பிரதியில் தெளிவாக இருக்கிறது. இன்னும் அவருக்குப் பதில் எழுதவில்லை. ஒரு வழி உண்டு. தேதிகளைச் சரிசெய்துவிட்டு, அந்தப் பதிலுக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து உங்களுக்குக் கீழேயும் வைத்துவிடுகிறேன். யாருக்கும் குறை இருக்காது. நீங்கள் சொன்னால் செய்கிறேன்.

இன்னொரு விஷயம். சொல்லத் தயங்கித் தயங்கித்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது. மூன்றாம் மனிதர் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது என்று எழுதுகிறேன்.

அன்புடன்
மாப்பிள்ளை

ஏப்ரல் 4

மாப்பிள்ளைக்கு,

நல்ல சேதி. முதலில் அதைச் சொல்கிறேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டாக வேண்டும். படித்ததும் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். பிறகு சந்தோஷப்பட்டேன். அது நிஜம்.

கொக்கு எழுதியதையும் படித்தேன்.

எங்கள் இடத்தில் ஒவ்வொரு அறைத் துணிக்கும் அறை எண் எழுதின சீட்டு ஒன்று குத்துவோம். சில சமயம் துவைப்பில் சீட்டு கழன்று விழுந்துவிடும். அப்புறம் எது யாருடையது என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டை என்றால் எல்லாம் வெள்ளைச் சட்டைதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சட்டையை வேறு அறையில் கொடுத்துவிட்டேன். அந்த ஆள் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு, “எனக்கு அளவு சரியா இருந்துச்சும்மா” என்றார். அவரை நான் என்ன பேச்சுப் பேசினேன் தெரியுமா? அளவு சரியாக இருந்தால் உங்களுடையது ஆகிவிடுமா என்றேன்.

அந்தப் பதில் எனக்கும் அளவு சரியாகத்தான் இருந்தது மாப்பிள்ளை. என் உடம்புக்கே தைத்தமாதிரி இருந்தது.

கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த மனிதர் இத்தனை வருஷம் ஒரு செருப்பைத் துடைத்து வைத்துவிட்டு, இப்போது அதைத் துடைக்கலாமா கூடாதா என்று உட்கார்ந்திருப்பார். என் பெண் ஒருவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அதை அவள் அம்மாவே போய்ப் பிடுங்கிக்கொண்டாள் என்று இருக்கக் கூடாது. நீங்கள் யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்கள். பாருங்கள், ஒரு ஆள் இருந்திருக்கிறார்.

நகல் வேண்டாம். அவள் எனக்கு எழுதாததை எனக்கு எழுதினமாதிரி வைத்துப் படிக்க, எனக்குத் தெரியாமல் இருந்தால் முடியும். தெரிந்துவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுங்கள். அவருக்கு உடனே பதில் போடுங்கள். உங்களோடதுதான் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்காதீர்கள்.

அத்தை

ஏப்ரல் 7

அன்புள்ள அத்தைக்கு,

தேதிகள் எல்லாம் சரியாகிவிட்டன. ஒவ்வொன்றையும் பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கொக்குக்கும் நீங்கள் சொன்னபடியே முதல் வரியில் எழுதிவிட்டேன்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பதால் இதையும் சொல்கிறேன். இவளுக்குத் துணையாக இவள் அம்மா வந்து தங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் கணினி முன்னால் இருந்ததைப் பார்த்து, “யாருக்கு இந்த வேலை?” என்று கேட்டார். “அத்தைக்கு” என்றேன். “நான் ஒண்ணும் கேக்கலையே” என்றார். அப்புறம் புரிந்துகொண்டார். எனக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். இவள் மட்டும் பிறகு வந்து, “அவங்களை நல்லாப் பாத்துக்கோங்க, ஆனா எனக்கு அந்தப் பக்கத்தைப் பாக்க வேணாம்” என்றாள். இவள் மேல் தப்பில்லை.

நான் எழுதுவதை நிறுத்த மாட்டேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அந்தப் பக்கத்தின் திறவுச்சொல்லைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். உங்களிடமும் இருக்கட்டும்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 12

தம்பிக்கு,

எல்லாவற்றையும் பார்த்தேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன்.

எல்லாரும் அவரவர் நாளுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். பாலிஷ்காரன் தனியாக நிற்கிறான், அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கொக்கு கேட்டதற்குக் கீழே அவள் பதில் இருக்கிறது. அந்த “நீங்க” அங்கேதான் பொருத்தமாக இருக்கிறது. உங்கள் வரியையும் பார்த்தேன். அதற்கு அவள், “பொய். கொண்டுவந்து காட்டுங்க, பாக்கலாம்” என்று எழுதியிருக்கிறாள். அந்த இன்னொரு செருப்பைக் கொண்டுவந்து காட்டினீர்களா, சும்மா விட்ட கதையா என்று இரண்டு பேரும் என்னிடம் சொல்லவே இல்லை. இனிமேல் சொல்ல வேண்டாம். அது உங்கள் இரண்டு பேருடையதாக இருக்கட்டும்.

அவள் கடைசியாக எழுதியதற்குப் பிறகு எல்லாம் நான்தான். அம்மா, அம்மா, அம்மா என்று வரிசையாக. நடுவில் ஒருவரும் இல்லை. செருப்பைப் பற்றி நான் கேட்டதற்குக் கீழே மறுபடியும் நானே இருக்கிறேன், குழாயில் தண்ணீர் வரவில்லை என்கிறேன். படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இப்படித்தான் நடந்தது. நடந்ததுதான் இருக்கிறது.

செருப்பை எடுத்துத் துடைத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். யார் சொல்லியும் இல்லை. நானாகத்தான்.

உங்கள் வீட்டுக்கு அத்தை வந்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரு அத்தை போதும். அவர் கேட்டதில் தப்பில்லை, உங்கள் வீட்டுக்காரி சொன்னதிலும் தப்பில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி நல்ல பெண்ணாகத் தெரிகிறாள், என்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாளே. அதனால்தான் மேலே தம்பி என்று போட்டேன். எழுதிப் பார்த்தேன், வராமல் இல்லை.

திறவுச்சொல் வந்தது. பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலையிடத்து அக்காவின் தங்கை கணினி தெரிந்தவளாம், ஏதாவது ஆனால் கேட்டுக்கொள்வேன். நீங்கள் எழுதுவதை நிறுத்த மாட்டேன் என்று சொன்னது எனக்குப் போதும். அதனால் நீங்கள் நிறுத்தலாம்.

அவளை நாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டோம். நீங்கள் கிட்டே வந்து உங்கள் முனையை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். கையை விடுங்கள். மிச்சத்தை நான் மடித்துக்கொள்கிறேன்.

பிள்ளைக்கு நடை வந்ததும் செருப்பு வாங்கிப் போடுங்கள். ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்தால் அடிக்காதீர்கள்.

அவள் அம்மா

கடைசியாக ஒன்று: கொக்குக்கு நானே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். என் பெண் உங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள், வர முடியாமல் போய்விட்டது, தப்பாக நினைக்காதீர்கள் என்று. இன்னும் பதில் வரவில்லை. வந்தால் அதற்குச் சரியான தேதி இருக்கும்.